ரெண்டு டி.எம்., ஒரு கேம்பெய்ன்

போன சனிக்கிழமை ராத்திரி ஹாலியா தார்ன்டன் என்னை நல்லா ஏமாத்திட்டா. எனக்கு ஒரே சந்தோஷம்.

(பதறாதீங்க. ஹாலியா நிஜ ஆள் இல்ல. 2014ல வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஸ்டார்ட்டர் செட்ல 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்'னு ஒரு கதை இருக்கு. அதுல ஃபான்டலின்னு ஒரு சின்ன ஊர். சுரங்கத்துல தோண்டினதை எடை போட்டு விக்கற இடத்துக்கு இவதான் தலைவி. ஆசை ஜாஸ்தி. ரகசியமா ஜென்டாரிம் கும்பலோட ஆள்.)

இதுல எனக்கு என்ன அவ்ளோ சந்தோஷம்னு கேப்பீங்க. எங்க டேபிள்ல ஹாலியாவுக்கு உயிர் குடுத்ததே நான்தான்! அவ குரல் என் குரல். அவ எதுக்கு சிரிப்பா, எப்போ கோபப்படுவா, எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவ என் எதிர்ல உக்காந்து, என் கண்ணைப் பார்த்து ஒரு பொய் சொல்றா. நான் அப்படியே நம்பறேன்.

ஏன்னா அன்னைக்கு டி.எம். நாற்காலியில நான் இல்ல.

அந்தக் கதையை அப்புறம் விலாவாரியா சொல்றேன். முதல்ல, இந்த கேம் ஆடாதவங்களுக்காக ரெண்டு வரி.

நாலஞ்சு பேர் ஒரு டேபிளைச் சுத்தி உக்காருவோம். ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். (வேற கேம்கள்ல ஜி.எம்.னு சொல்லுவாங்க.) உலகம் அவங்க கையில. ஊர், காடு, அரக்கன், கடைக்காரர், மழை, எல்லாமே அவங்கதான். நாம "நான் கதவைத் தள்றேன்"னு சொன்னா, கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அவங்கதான் சொல்லணும். சந்தேகமான இடத்துல இருபது முகம் உள்ள டைஸை உருட்டுவோம். இதே ஆளுங்களோட, இதே உலகத்துல, மாசக்கணக்கா வருஷக்கணக்கா தொடர்ந்தா அது கேம்பெய்ன்.

இப்போ இதுல யாருக்கு வேலை ஜாஸ்தின்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

மத்தவங்க டைஸோட வந்து உக்காந்தா போதும். டி.எம். மட்டும் வியாழக்கிழமையே ஆரம்பிக்கணும். மேப் வரையணும், சண்டை சரியா இருக்கான்னு கணக்குப் பார்க்கணும், யார் யாருக்கு என்ன வாக்கு குடுத்தோம்னு ஞாபகம் வச்சுக்கணும். ஆபீஸ்ல வேலை ஏறிட்டா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா, அந்த சனிக்கிழமை கேம் கிடையாது. ரெண்டு சனிக்கிழமை போனா மூணாவது வாரம் குரூப்ல யாரும் "இன்னைக்கு உண்டா?"ன்னுகூட கேக்க மாட்டாங்க. நான் பார்த்த கேம்பெய்ன்ல பாதி இப்படித்தான் முடிஞ்சிருக்கு. டிராகன் கையால யாரும் சாகல.

அதனாலதான் நானும், எங்க குரூப்ல இருக்கற ஒரு தம்பியும் (முன்னாடி என்னோட வேலை பார்த்தவன், என்னை அக்கான்னு கூப்பிடுவான்) டி.எம். வேலையைப் பிரிச்சுக்கிட்டோம்.

இதைச் சொன்ன உடனே எங்களுக்குக் கிடைச்ச அறிவுரையைக் கேக்கணுமே! "ஒரு உறையில ரெண்டு கத்தியா? கதை கந்தலாயிடும். ஒரு உலகம்னா ஒரு தலைதான் யோசிக்கணும்."

இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். ஏன்னா இந்த கேம் பிறந்த வீட்டுலயே ரெண்டு டி.எம். இருந்தாங்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல வந்தது. எழுதினவங்க கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். கைகாக்ஸ் அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவாங்கற ஊர்ல இருந்தார். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே, 1972லயே, கிரேஹாக்னு ஒரு கோட்டையை வரைஞ்சு, அதோட நிலவறைகள்ல வீட்டுப் பசங்களையும் நண்பர்களையும் இறக்கி விட்டு விளையாட ஆரம்பிச்சுட்டார். கூட்டம் சேர்ந்துடுச்சு. ஒத்தை ஆளா சமாளிக்க முடியல. அப்போ அவர் கூட விளையாடிட்டு இருந்த ராப் குன்ட்ஸை, அதே கிரேஹாக்குக்கு இன்னொரு டி.எம். ஆக்கினார். குன்ட்ஸுக்கு அப்போ இருபது வயசுகூட ஆகல!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் எதுன்னா, குன்ட்ஸ் டி.எம். ஆனதும் கைகாக்ஸுக்கு விளையாடறதுக்கு வாய்ப்பு கிடைச்சது. அப்படி குன்ட்ஸ் நடத்தின ஆட்டங்கள்ல கைகாக்ஸ் ஆடின மந்திரவாதிதான் மோர்டென்கைனன். ஆமா, அதே மோர்டென்கைனன்தான். இன்னைக்கும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைத் திறந்தா 'மோர்டென்கைனன்ஸ் மேக்னிஃபிசென்ட் மேன்ஷன்'னு மந்திரம் இருக்கே, அவர் பேருதான். 2018ல ஒரு முழுப் புத்தகமே அவர் பேர்ல வந்தது.

கைகாக்ஸ் நாற்காலியை யாருக்கும் விட்டுத் தராம இருந்திருந்தா, மோர்டென்கைனன் கிடையாது. அவ்ளோதான் கணக்கு.

இன்னொரு ஜோடி. ஸ்டீவன் எரிக்சன், இயன் எசல்மான்ட். கனடாக்காரங்க, ரெண்டு பேரும் தொல்லியல் படிச்சவங்க. 1980கள்ல ஒரு உலகத்தை உருவாக்கி, மாத்தி மாத்தி ஒருத்தருக்கு ஒருத்தர் நடத்தி விளையாடினாங்க. முதல்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள்ல, அப்புறம் 'கர்ப்ஸ்'ங்கற இன்னொரு கேமோட விதிகள்ல. அந்த உலகம்தான் பின்னாடி மலாசன் நாவல்களா வந்தது. எரிக்சன் மட்டும் 1999லேர்ந்து 2011க்குள்ள பத்து தடிமனான புத்தகம் எழுதினார். அதே உலகத்துல, அதே சாம்ராஜ்யத்துல, எசல்மான்ட் தனியா நாவல்கள் எழுதினார். அந்த நாவல்களைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த உலகம் எவ்ளோ ஆழம்னு. நாம பார்க்காத இடத்துலயும் ஏதோ நடந்துட்டு இருக்குங்கற உணர்வு ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கும். அது சும்மா வரல. நிஜமாவே இன்னொருத்தர் அங்க ஏதோ பண்ணிட்டு இருந்திருக்கார்!

அதான் என் கட்சி. வேலைப் பளுவைக் குறைக்கறதுக்காகத்தான் எல்லாரும் டி.எம். வேலையைப் பிரிக்கறாங்க. சரி, அது நல்ல காரணம்தான். ஆனா அதைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. ஒரு டி.எம். இருந்தா, அந்த உலகத்துல இருக்கற எல்லா ரகசியமும் ஒரு தலைக்குள்ள இருக்கும். ரெண்டு பேர் நடத்தினா, அந்த உலகத்தை முழுசாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் கிடையாது. அப்போதான் அது நிஜ ஊர் மாதிரி ஆகுது.

ஆனா அதுக்கு எப்படிப் பிரிக்கறோம்ங்கறது முக்கியம்.

நாங்க முதல்ல ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன்னு ஆரம்பிச்சோம். கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா நான் ஒரு வாரம் ஒரு மர்மக் கடிதத்தைப் போட்டா, அடுத்த வாரம் அவன் அதைத் தொடாம இருக்கணுமா, பிரிச்சுப் படிக்க விடணுமான்னு குழப்பம். ஒவ்வொரு தடவையும் போன்ல கூப்பிட்டு, "அக்கா, அந்தக் கடிதத்துல என்ன இருக்கு?" அவன்கிட்ட சொல்லிட்டா அவனுக்கு சஸ்பென்ஸ் போச்சு. சொல்லலன்னா அவனால நடத்த முடியாது.

அப்புறம்தான் இடத்தைப் பிரிச்சோம். ஃபான்டலினும் அதைச் சுத்தி இருக்கற மலையும் சுரங்கமும் என்னுது. நெவர்வின்டர் நகரமும் துறைமுகமும் அவனுது. நடுவுல வண்டிப் பாதை. கதையில கூட்டம் எந்த ஊருக்குப் போகுதோ, அந்த ஊர்க்காரர் டி.எம். ஒரு கதை முழுசா முடியற வரைக்கும் அவரேதான் நடத்துவார். அது மூணு செஷன் ஆனாலும் சரி, ரெண்டு மாசம் ஆனாலும் சரி.

இதுல ஒரு சின்ன அழகு என்னன்னா, பிளேயர்ஸ் அடுத்து எங்க போறதுன்னு பேசி முடிவு பண்றப்போ, யார் டி.எம்.ங்கறதையும் அவங்களே முடிவு பண்ணிடறாங்க.

அவன் ஊர் ரகசியத்தை நான் கேக்க மாட்டேன். என் ஊர் ரகசியத்தை அவன் கேக்க மாட்டான். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு நோட்டு இருக்கு. அதுல பிளேயர்ஸ் கண்ணால பார்த்தது மட்டும்தான் இருக்கும்: யார் செத்தாங்க, யாருக்கு எவ்ளோ கடன், எந்தப் பாலம் இடிஞ்சது, எந்தச் சத்திரத்துல நம்மளை உள்ள விட மாட்டாங்க. மத்ததெல்லாம் அவங்கவங்க மனசுல.

சரி, இப்போ ஹாலியா.

எங்க கூட்டம் நெவர்வின்டருக்குக் கிளம்பற நேரம். தம்பி கேட்டான், "அக்கா, ஹாலியாவை ஒரு கதைக்குக் கடன் குடுங்களேன்?"

"எடுத்துக்கோடா. கொன்னுடாத, எனக்குத் திரும்ப வேணும்."

"சத்தியமா கொல்ல மாட்டேன்கா."

ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் குடுத்தேன். அவ நேரடியா பதில் சொல்ல மாட்டா, கேள்விக்குக் கேள்விதான் கேப்பா. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா. பேசிட்டு இருக்கும்போதே மேசை மேல நாணயங்களை எண்ணிட்டே இருப்பா, நிறுத்த மாட்டா. அவ்ளோதான் குறிப்பு.

நெவர்வின்டர்ல ஒரு சத்திரம். ராத்திரி. என் கேரக்டர் ஒரு குள்ளர் இனத்துப் பூசாரி. கதவு தட்டற சத்தம். ஹாலியா நிக்கறா. நனைஞ்சிருக்கா. உள்ள வந்து உக்கார்றா. "ஜென்டாரிம் என்னைத் தேடறாங்க. அவங்களை விட்டு வந்துட்டேன். எனக்கு உங்களை விட்டா யாரும் இல்ல."

தம்பி ரொம்ப மெதுவா பேசினான். பேசும்போது ரெண்டு கையையும் விரிச்சு மேசை மேல வச்சுக்கிட்டான். வெறும் கை.

நான் அதைப் பார்த்தேன். நாணயம் இல்ல! ஹாலியா நாணயம் எண்ணலன்னா, பயந்து போயிருக்கா, இது நடிப்பு இல்லன்னு எனக்கு அப்படியே தோணுச்சு. டைஸைக்கூட உருட்டல. "இவளை நம்பலாம்"னு மத்தவங்களுக்கும் சொல்லிட்டேன். சுரங்கத்தோட மேப் இருக்கற பையை அவ இருந்த ரூம்லயே வச்சுட்டுத் தூங்கிட்டோம்.

காலையில ஹாலியா இல்ல. மேப் இல்ல.

டேபிள்ல ஒரே கூச்சல். நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சது. அப்புறம் தம்பி சிரிச்சுட்டே சொன்னான்: "அக்கா, அவ நாணயம் எண்ணுவான்னு எழுதினீங்க. எதுக்கு எண்ணுவான்னு எழுதவே இல்லையே. நான் யோசிச்சேன், அவ பொய் சொல்லாத நேரத்துலதான் எண்ணுவா. பெரிய பொய் சொல்றப்போ கவனம் சிதறக்கூடாதுன்னு நிறுத்திடுவா."

எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. அந்த நாணயப் பழக்கத்தை நான் சும்மா போட்டேன். கொஞ்சம் சுவைக்காக. அதுக்கு ஒரு காரணம் குடுத்து, அதையே பொறியா மாத்தினது அவன். இனிமே நான் ஹாலியாவைத் திரும்ப வாங்கி நடத்தும்போது, அவ நாணயத்தைக் கீழ வச்சாலே டேபிள்ல எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க. அவளை அவ்ளோ பெரிய ஆள் ஆக்கினது நான் மட்டும் இல்ல.

இப்படி ஒரு அனுபவம் ஒத்தை டி.எம்.க்குக் கிடைக்கவே கிடைக்காது.

சரி, கஷ்டமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. பெரும்பாலும் விதிகள்ல.

2014 பதிப்பு விதிப் புத்தகத்துல காயம் ஆத்தற மருந்தைக் குடிக்கறது ஒரு முழு ஆக்ஷன். அதாவது அந்த முறை நீ மருந்து குடிச்சா, வாள் வீச முடியாது. முன்னாடி நான் அப்படித்தான் நடத்திட்டு இருந்தேன். தம்பிக்கு அது பிடிக்காது, போனஸ் ஆக்ஷன்தான்னு விட்டுடுவான்: குடிச்சுட்டு வெட்டவும் செய்யலாம். நிறைய டேபிள்ல அப்படித்தான் ஆடறாங்க. ஒரு நாள் எங்க பிளேயர் ஒருத்தர் சீரியஸா கேட்டார், "மேடம், மருந்து ஊருக்கு ஊர் வேற மாதிரி வேலை செய்யுமா?"

அன்னைக்கே உக்காந்து ஒரு பக்கத்துல வீட்டு விதிகளை எழுதினோம். மருந்து போனஸ் ஆக்ஷன். (2024ல வந்த புதுப் பதிப்புல புத்தகமே அப்படி மாத்திடுச்சு.) எதிரியை ரெண்டு பக்கமும் நின்னு மடக்கினா அட்வான்டேஜ் (கூடுதல் சலுகை) உண்டா? புத்தகத்துல அது விருப்ப விதிதான், எங்களுக்கு வேண்டாம். டைஸ்ல இருபது விழுந்தா எந்தக் காரியமும் தானா ஜெயிச்சுடுமா? சண்டையில அடிக்கறதுக்கு மட்டும்தான். பூட்டைத் திறக்கறதுக்கும் ராஜாவை மயக்கறதுக்கும் இல்ல.

அந்தப் பக்கத்துல இல்லாத சந்தேகம் வந்தா, நாற்காலியில இருக்கறவர் சொல்றதுதான் சட்டம். இன்னொருத்தர் வாயைத் திறக்கக்கூடாது. புத்தகத்தையும்தான். பிளேயரா உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருந்து "ஆனா விதி என்ன சொல்லுதுன்னா..."ன்னு ஆரம்பிச்சா, அந்த டேபிள்ல டி.எம். யாருன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். கேம் முடிஞ்சு டீ குடிக்கும்போது எவ்ளோ வேணா விவாதம் பண்ணலாம். நாங்க பண்றோம். ராத்திரி ஒரு மணி வரைக்கும்!

மந்திரப் பொருள்லயும் ஒரு கட்டுப்பாடு. 'ரேர்' (அரிய) வகைக்கு மேல எதைக் குடுக்கணும்னாலும் மத்தவர்கிட்ட ஒரு வார்த்தை. 'டெக் ஆஃப் மெனி திங்ஸ்'ங்கற சீட்டுக்கட்டு ரெண்டு பேர் ஊர்லயும் தடை. (அதுல ஒரு சீட்டு எடுத்தா கோட்டையே கிடைக்கலாம், ஆத்மா சிறைப்படலாம். ஒரு டி.எம். கட்டின கேம்பெய்னையே அது கவிழ்த்துடும். ரெண்டு டி.எம். கட்டினதைக் கேக்கவே வேண்டாம்.)

நான் டி.எம். நாற்காலியில இருக்கும்போது என் குள்ளர் பூசாரி எங்க போவார்? இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. தயவுசெஞ்சு அவரைக் கூட்டத்தோட கூட்டிட்டுப் போகாதீங்க. டி.எம். தன் கேரக்டரைத் தானே சண்டையில இறக்கினா, அவர் தனக்குத்தானே புதிர் போட்டுத் தானே விடை சொல்ற மாதிரி ஆயிடும். மத்தவங்க வேடிக்கை பார்க்கணும்.

இதுக்கு ரொம்ப அழகான வழியை 1987லயே கண்டுபிடிச்சுட்டாங்க. 'ஆர்ஸ் மேஜிகா'ன்னு ஒரு கேம். ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹாகனும் எழுதினது. இடைக்கால ஐரோப்பாவுல மந்திரவாதிகள் ஒண்ணா ஒரு இடத்துல வாழறாங்க. அதுல ஆளுக்கு ஒரு மந்திரவாதி, ஒரு துணையாள், அப்புறம் எல்லாருக்கும் பொதுவா வேலைக்காரங்க, காவலாளிங்க. வருஷத்தை நாலு பருவமா பிரிச்சு, ஒரு பருவம் முழுக்க மந்திரவாதி தன் ஆய்வுக்கூடத்துல படிச்சுட்டே இருக்கலாம், அதனால அவர் சக்தியும் கூடும். கதை சொல்றவங்க மாறி மாறி வருவாங்க. யார் நடத்தறாங்களோ, அவங்க மந்திரவாதிக்கு அந்தப் பருவம் படிப்பு. வீட்ல இருந்தும் அவருக்கு நஷ்டம் கிடையாது! கேமோட அடிப்படையிலேயே இதை வச்சு எழுதிருக்காங்க, எனக்கு அதைப் படிச்சதும் அவ்ளோ மரியாதை வந்தது.

நாங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டோம். என் பூசாரி நான் நடத்தும்போது ஃபான்டலின் கோயில்ல சீடர்களுக்குப் பாடம் எடுப்பார். தம்பியோட திருடன் அவன் நடத்தும்போது (பேர் கெட்டுப்போன காரணத்தால) நெவர்வின்டர்ல தலைமறைவா இருப்பான். லெவல் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணாவே ஏறும். கதையில ஒரு கட்டம் முடிஞ்சா எல்லாருக்கும் ஒரு லெவல். வீட்ல இருந்தவருக்கும்தான்.

கைமாத்தற நேரத்துல ஒரே ஒரு விஷயம் பார்த்துக்கோங்க. டன்ஜன் நடுவுல மாத்தாதீங்க. கூட்டம் ஒரு ஊர்ல, கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கற இடத்துல மாத்துங்க.

எல்லாக் கேம்பெய்னுக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லிடறேன். 2016ல வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' மாதிரி, ஒரே ஒரு வில்லன் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நிழலா தொடர்ற கதையை ஒருத்தரே நடத்தறதுதான் நல்லது. அந்தக் குரல் மாறக்கூடாது. 'கால் ஆஃப் கதுல்ஹு'வுல துப்பறியற கதை எல்லாம் ஒரு தலையில இருந்தாத்தான் துப்பு சரியா கோத்து வரும். ஆனா ஊர், நகரம், காடுன்னு விரிஞ்சு கிடக்கற கதையா, பிரிச்சுக்கோங்க. தைரியமா பிரிச்சுக்கோங்க.

நீங்க டி.எம்.மா இருந்தா, உங்க குரூப்ல "இந்த இடத்துல இப்படி இருந்திருக்கலாமே"ன்னு அடிக்கடி சொல்ற ஒரு ஆள் கண்டிப்பா இருப்பார். அவரைத் திட்டாதீங்க. அவர் கையில ஒரு ஊரைக் குடுங்க.

நீங்க பிளேயரா இருந்தா, இந்த வாரம் உங்க டி.எம்.கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அடுத்த கதையை நான் நடத்தறேன், நீங்க வந்து ஒரு கேரக்டர் ஆடறீங்களா?" வருஷக்கணக்கா அந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கற நிறைய பேர்கிட்ட இதை யாரும் கேட்டதே இல்ல. கேளுங்க, ப்ளீஸ்.